கோணிமுகனும் முப்பத்தேழாம் இதழின் ஓட்டையும்

ஒரு காட்டில் ஒரு சிங்கம் ராஜாவாக இருந்தது என்று ஆரம்பிக்கத்தான் எனக்கும் ஆசை. ஆனால் இந்தக் காட்டில் ராஜா கிடையாது. கமிட்டிதான் உண்டு. கமிட்டிக்கு ஒரு துணைக் கமிட்டி, துணைக் கமிட்டிக்கு ஒரு வாட்ஸப் குழு. சிங்கம் அந்தக் குழுவில் தினமும் ரோஜாப்பூ படத்தோடு காலை வணக்கம் போட்டுக்கொண்டிருந்தது. அதற்கு மேல் அதற்கு வேலை இல்லாததால் சிங்கத்தை இங்கேயே விட்டுவிடுவோம்.

நம் கதை ஒரு பெருச்சாளியைப் பற்றியது. அதன் பெயர் சுரங்கமுத்து. நடுத்தர வயது. தொப்பை உண்டு. சுரங்கமுத்துவின் பொந்தில் சாப்பாட்டுக்கு ஒரு மூலை, படுக்க ஒரு மூலை, மீதி இடமெல்லாம் ‘கோணிமுகன்’.

கோணிமுகன் யார் என்று கேட்பீர்கள். காடே அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தது. கோணிமுகன் என்பது நாற்பது வருஷத்துக்கு முன்னால் வாரம் ஒன்றாக வெளிவந்த படக்கதை. மொத்தம் அறுபத்துநான்கு இதழ். அதன் நாயகன் தலையிலிருந்து கால்வரை ஒரு கோணிச் சாக்கைப் போர்த்திக்கொண்டு வருவான். கண்ணுக்கு இரண்டு ஓட்டை. சாக்கின் இரண்டு மூலைகளும் தலைக்கு மேலே துருத்திக்கொண்டு நிற்கும். ஒரே உதையில் கொள்ளைக்காரர்களின் கதவை உடைப்பான். திருட்டுப்போன மூட்டைகளை முதுகில் சுமந்து வந்து உரியவர் வாசலில் வைத்துவிட்டுப் போய்விடுவான். நன்றி சொல்வதற்குள் ஆள் இருக்க மாட்டான். அவன் எந்த இனம் என்று ஒருவருக்கும் தெரியாது.

தெரியாது என்றால் விட்டுவிட வேண்டியதுதானே? விடவில்லை. “அந்தப் பாய்ச்சல் எங்க ஜாதிப் பாய்ச்சல்” என்றது சிறுத்தை. “அந்தத் தைரியம் எங்க ரத்தத்துல மட்டும்தான் ஓடும்” என்றது காட்டுப்பன்றி. முயல்கள்கூட, கண்ணைப் பார்த்தால் தெரியவில்லையா என்று கேட்டன. பன்னிரண்டாம் இதழில் கோணிமுகன் சுரங்கம் வழியாகச் சிறைக்குள் நுழைவான். அந்த ஒரு பக்கத்தை வைத்துக்கொண்டு சுரங்கமுத்து வாழ்க்கையையே ஓட்டிக்கொண்டிருந்தது. கோணிக்குள்ளே இருப்பது பெருச்சாளி. அதில் அதற்குச் சந்தேகமே இல்லை. உருவத்தில் பெரிய பெருச்சாளி, அவ்வளவுதான்.

இப்போது முப்பத்தேழாம் இதழுக்கு வருகிறேன். கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள், ஏனென்றால் இந்தக் காட்டின் புத்திசாலித்தனம் முழுவதும் இந்த இடத்தில்தான் இருக்கிறது.

முப்பத்தேழாம் இதழின் கடைசிக் கட்டத்தில் கோணிமுகன் கோணியைக் கழற்றுவான். அறுபத்துநான்கு இதழில் அந்த ஒரே ஒரு கட்டத்தில்தான் அவன் முகம் வரும். அதே தாளின் மறுபக்கத்தில் பதிப்பகத்தார் ஒரு போட்டிக் கூப்பன் அச்சடித்திருந்தார்கள். ‘கோணிமுகன் யார்? விடையை எழுதி, கூப்பனை வெட்டி அனுப்புங்கள். சரியான விடை எழுதும் முதல் ஆயிரம் பேருக்குக் கோணி முகமூடி இலவசம்.’ கேள்வி இந்தப் பக்கம், விடை அதன் முதுகில். திருப்பிப் பார்த்தால் போதும். ஆனால் முதல் ஆயிரம் பேர் என்று போட்டிருந்தார்களே! காட்டுக் குட்டிகள் எல்லாம் புத்தகத்தைக் கையில் வாங்கியதும் கடை வாசலிலேயே கூப்பனை வெட்டி, தங்கள் இனத்தின் பெயரை எழுதி, தபால் பெட்டியில் போட்டுவிட்டுத்தான் முதல் பக்கத்தைப் புரட்டின. கடைசிப் பக்கத்துக்கு வந்தபோது முகம் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு நீளச்சதுர ஓட்டை. அதன் வழியாக அவரவர் கால்விரல் தெரிந்தது. முகமூடியும் ஒருத்தருக்கும் வரவில்லை. பதிப்பகம் மோசடி செய்துவிட்டதாகக் காடே பேசிக்கொண்டது. அப்புறம் பதிப்பகமும் மூடிப்போயிற்று.

சுரங்கமுத்துவும் அன்று கடை வாசலில் நின்ற குட்டிகளில் ஒன்று. அதனிடம் கத்தரிக்கோல் இல்லை. பல்லாலேயே கடித்து எடுத்து அனுப்பியது.

இன்று அதனிடம் அறுபத்துநான்கு இதழும் உண்டு. காட்டிலேயே முழுத் தொகுப்பு வைத்திருக்கும் ஒரே பிராணி. ஆனால் எந்த நிலையில் என்று கேட்காதீர்கள். ஒன்பதாம் இதழுக்கு அட்டை இல்லை. இருபத்திரண்டு, வடை மடித்த காகிதமாகக் கிடைத்தது. அதைப் படிக்கும்போதெல்லாம் பசிக்கும். முப்பதிலிருந்து முப்பத்தைந்து வரை யாரோ சேர்த்து பைண்டிங் செய்தபோது ஓரத்தை வெட்டியதில், எல்லோருடைய வசனமும் கடைசி எழுத்து இல்லாமல் நின்றது. நாற்பத்தொன்றின் ஓரங்கள் பல் தடத்தோடு இருக்கும். ஒரு அடைமழை மாதத்தில் வேறு எதுவும் கிடைக்காமல் நேர்ந்தது அது. அதைப் பற்றிப் பேச சுரங்கமுத்துவுக்குப் பிடிக்காது.

முப்பத்தேழு மட்டும் அன்று கடை வாசலில் வாங்கிய அதே பிரதி; மற்றதையெல்லாம் அது வாங்கியது பொதியப்பன் கடையில். பொதியப்பன் ஒரு கழுதை. காட்டின் ஓரத்தில் பழைய பேப்பர் கடை வைத்திருந்தது. வாசலில் தராசு, உள்ளே மலைமலையாகப் பழைய காகிதம். விற்றது போக மீதியைப் பொதியப்பன் தானே தின்றுவிடும். அதனால் அந்த வியாபாரத்தில் நஷ்டம் என்பதே கிடையாது. சுரங்கமுத்து வாரா வாரம் போய், குவியலில் தலையைவிட்டுத் தேடும். பொதியப்பன் பக்கத்தில் நின்று, அன்றைக்குக் கிடைத்த நாளிதழை மென்றுகொண்டே கோணிமுகன் கதை கேட்கும். இரண்டும் அதிகம் பேசாத சிநேகிதர்கள்.

சுரங்கமுத்துவுக்கு அந்த ஓட்டைதான் மனக்குறை. அறுபத்துநான்கும் இருந்து என்ன, அந்த முகத்தைப் பார்க்காமல் செத்துப்போவோமோ என்று அதற்கு உண்மையிலேயே பயம் இருந்தது.

குளக்கரையில் தூயமணி என்று ஒரு கொக்கு இருந்தது. அதுவும் கோணிமுகன் சேகரிப்பாளர்தான், ஆனால் வேறு மதம். அதனிடம் பதினொரு இதழ்கள் மட்டுமே உண்டு. பதினொன்றும் அச்சகத்திலிருந்து நேற்று வந்ததுபோல் இருக்கும். ஒவ்வொன்றும் கண்ணாடித்தாள் உறையில், உறை ஓர் அட்டைப்பெட்டியில், பெட்டி ஒரு மரப்பெட்டியில். கொக்கு அதன் முன்னால் ஒற்றைக்காலில் நிற்கும். இரண்டு காலையும் ஊன்றினால் தரை அதிருமாம்.

அந்தப் பதினொன்றில் முப்பத்தேழும் ஒன்று. கூப்பன் வெட்டாத ஒரே பிரதி. திறக்காத பிரதியில் வெட்டியிருக்க முடியாதல்லவா?

சுரங்கமுத்து பலமுறை போய்க் கெஞ்சியிருக்கிறது.

“மேடம், ஒரு தடவை. கடைசிப் பக்கம் மட்டும்.”

“கையைப் பார்த்தீங்களா உங்க கையை? நகத்துல மண்ணு.”

“நான் தொட மாட்டேன். நீங்களே பிரிச்சுக் காட்டுங்க.”

“பிரிக்கறதா? முதுகு மடிஞ்சிரும். நடுவுல குத்தின பின்னு அசைஞ்சிரும். உங்ககிட்ட இருக்கிறதுக்குப் பேரு தொகுப்பா? அது எடைக்குப் போடத் தயாரா இருக்கிற கட்டு.”

சுரங்கமுத்துவுக்கும் ரோஷம் உண்டு. “உங்ககிட்ட பதினாலாம் இதழ் இருக்கு, பதினஞ்சு இல்ல. பதினாலுல கோணிமுகன் பாழுங்கிணத்துல விழுவான். பதினஞ்சுலதான் ஏறுவான். இருபது வருஷமா அவனைக் கிணத்துக்குள்ளேயே போட்டு வெச்சிருக்கீங்க, பாவம்.”

“விழுந்துட்டானா?” என்றது தூயமணி. நிஜமாகவே திடுக்கிட்டுவிட்டது. அது எதையும் திறந்து படித்ததில்லை.

விஷயம் இப்படியே போயிருக்கும். ஆனால் கமிட்டி கோணிமுகனுக்குச் சிலை வைக்கத் தீர்மானித்தது. தண்ணீர்த்துறையில் பெரிய பீடம் எழும்பியது. கல் எல்லாவற்றையும் பொதியப்பன்தான் சுமந்துகொண்டு வந்தது. கூலி, கமிட்டியின் பழைய தீர்மானப் புத்தகங்கள். சிலை கழுத்துவரை முடிந்தது. அங்கே நின்றுவிட்டது. முகத்துக்கு எந்த இனத்தைச் செதுக்குவது? சிறுத்தைகள் ஊர்வலம் போயின. பன்றிகள் பீடத்தருகே சேற்றில் புரண்டு மறியல் செய்தன. முயல் முன்னேற்ற நற்பணி மன்றம் மனு கொடுத்தது. கடைசியில் கமிட்டி ஓர் ஆணை போட்டது: தரச்சான்று பெற்ற முப்பத்தேழாம் இதழ் மட்டுமே ஆதாரமாக ஏற்கப்படும். அந்தப் பிரதி சிலையின் கீழே கண்ணாடிப் பெட்டியில், உரிமையாளர் பெயரோடு வைக்கப்படும்.

உரிமையாளர் பெயரோடு என்றதும் தூயமணி இரண்டு காலையும் ஊன்றிவிட்டது.

காட்டுப் பழம்பொருள் தரச்சான்று அலுவலகத்தில் வரிசை நீளம். தூயமணிக்கு முன்னால் முள்ளம்பன்றி நின்றதால் அங்கே மட்டும் நல்ல இடைவெளி இருந்தது. டோக்கன் நாற்பத்து மூன்று கூப்பிட்டதும் கொக்கு கவுண்டருக்குப் போனது. அலுவலர் ஓர் உடும்பு. படிவத்தைப் பிடித்தால் அதன் பிடியிலிருந்து யாரும் படிவத்தை வாங்க முடியாது. பூதக்கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டுச் சொன்னது:

“ஒன்பதாவது கலம் காலியா இருக்கு.”

ஒன்பதாவது கலம்: நாற்பத்தெட்டுப் பக்கங்களும் உள்ளனவா? உள்ளே பார்த்தவர் கையொப்பம்.

“அதை நிரப்பணும்னா திறக்கணும் சார்.”

“ஆமா.”

“பத்தாவது கலத்துல, ஒருமுறையும் திறக்கலைன்னு நான் உறுதிமொழி தரணுமே.”

“ஆமா.”

“ஒன்பதை நிரப்பினா பத்து போச்சு. பத்தை நிரப்பினா ஒன்பது போச்சு. எப்படி சார்?”

“அது பன்னிரண்டாவது கவுண்டர்.”

பன்னிரண்டாவது கவுண்டரில் ஆமை. சாப்பாட்டுக்குப் போயிருந்தது. முந்தாநாள் போனதாம்.

தூயமணி அழாத குறையாக வெளியே வந்து, மரத்தடியில் நின்று படிவத்தின் பின்பக்கப் பொடி எழுத்தைப் படித்தது. கொக்கு எதையும் முழுசாகப் படித்தது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். அங்கே ஒரு விளக்கம் இருந்தது: ‘இரண்டு விரற்கடைக்கு மேல் விலக்குவதே திறத்தல் எனப்படும்.’ அப்படியென்றால் இரண்டு விரற்கடைக்குள் ஒருவர் உள்ளே பார்க்கலாம். கூர்மையான மூக்கு வேண்டும். குறுகலான இடத்தில் கண் தெரிய வேண்டும். நாற்பத்தெட்டுப் பக்கமும் வரிசையாக இருக்கின்றனவா என்று சொல்ல, கதை மனப்பாடமாகத் தெரிந்திருக்க வேண்டும். காட்டில் அப்படி ஒரே ஒரு பிராணிதான் உண்டு. அதன் நகத்தில் மண் இருந்தது.

“நாளைக்குக் காலையில வாங்க. குளிச்சுட்டு வாங்க” என்று சொல்லி அனுப்பியது தூயமணி.

சுரங்கமுத்து பிறந்ததிலிருந்து குளித்த தடவைகளை ஒரு கையில் எண்ணிவிடலாம். அன்று இரண்டு முறை குளித்தது. நகத்துக்கு வேப்பங்குச்சி போட்டுத் தேய்த்தது. கொக்கு தன் வீட்டில் பெருச்சாளியின் கைகளை முதுகுப்பக்கம் கட்டியது. மூச்சின் ஈரம் படக்கூடாதென்று வாய்க்குத் துணி. தூயமணி அலகின் நுனியால் அட்டையைத் தூக்கியது. சரியாக இரண்டு விரற்கடை. “பார்க்க நான் மாட்டேன். பார்த்தா உறுதிமொழி பொய்யாயிரும்” என்று கண்ணை இறுக மூடிக்கொண்டது.

சுரங்கமுத்து மூக்கை நுழைத்தது.

உள்ளே வாசனை! நாற்பது வருஷத்துக்கு முந்தைய மை வாசனை. மீசையால் தாளை மெல்லத் தள்ளித் தள்ளிப் பார்த்தது. ஆறாம் பக்கத்தில் ஆற்றுக்கு இத்தனை நீலம் இருந்தது அதற்குத் தெரியவே தெரியாது. தன் பிரதியில் அது குழம்பு நிறம். பதினொன்றாம் பக்க மூலையில், தன்னிடம் கிழிந்துபோன இடத்தில், ஒரு குட்டித் தவளை குடை பிடித்துக்கொண்டு நின்றது. இத்தனை வருஷமாக அந்தத் தவளை அங்கே நின்றுகொண்டிருந்திருக்கிறது! சுரங்கமுத்துவுக்குக் கண் கலங்கிவிட்டது. ஈரம் படக்கூடாதே என்று அதையும் அடக்கிக்கொண்டது. முப்பது. நாற்பது. நாற்பத்தாறு. நாற்பத்தேழாம் பக்கத்தில் கடைசிக் கட்டம்.

கோணி கழன்று கையில் இருந்தது. நீளமான முகம். சாக்கின் இரண்டு மூலைகள் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்த இடத்தில் இரண்டு நீளக் காதுகள். களைத்துப்போன, நல்ல சிரிப்பு.

கழுதை.

சுரங்கமுத்து அப்படியே இருந்தது. பிறகு இன்னொரு முறை பார்த்தது. கழுதைதான். அந்த உதை, அந்தச் சுமை, எல்லாம் சரியாகத்தான் பொருந்தியது. இத்தனை தடவை படித்தும் தனக்கு எப்படித் தோன்றாமல் போனது என்று ஆச்சரியமாக இருந்தது. அதைவிட அதிகமாக ஏமாற்றமாக இருந்தது. தனக்கு ஏமாற்றமாக இருக்கிறதே என்று வெட்கமாகவும் இருந்தது. இந்த மூன்றையும் ஒரே சமயத்தில் வைத்துக்கொள்ள அதன் மனசில் இடம் போதவில்லை.

“முழுசா இருக்கா?” கொக்கு கண்ணை மூடியபடியே கேட்டது.

“இருக்கு மேடம்.”

“முகம்?”

“அதுவும் இருக்கு. பார்க்கறீங்களா?”

“ஐயையோ, வேண்டாம். கையெழுத்தைப் போடுங்க.”

சுரங்கமுத்து கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்தது. வாசலில் காடே நின்றது. எல்லா மன்றத்தாரும் கொடியோடு வந்திருந்தார்கள். அவ்வளவு கூட்டத்தைப் பார்த்ததும் பெருச்சாளி ஓர் அடி பின்வாங்கியது. ஆனாலும் உண்மையைச் சொல்லிவிடுவது என்றுதான் அது வந்தது. அதைப் பொய்யன் என்று நான் சொல்ல மாட்டேன்.

“பார்த்துட்டேன். கோணிமுகன் யாருன்னா...”

“நில்லு!” என்றது சிறுத்தை.

எல்லோரும் சிறுத்தையைப் பார்த்தார்கள். அதற்கு முகம் வெளிறியிருந்தது.

“எங்க ஆளுன்னு நீ சொன்னா சரி. ஒருவேளை... இல்லேன்னு சொல்லிட்டேன்னா? வீட்டுல பிள்ளைங்க பேரெல்லாம் கோணிமுகன், கோணிமுகச்செல்வின்னு வெச்சிருக்கோம்.”

பன்றி தொண்டையைக் கனைத்தது. “எங்க மன்றத்துக்கு நேத்துதான் புது போர்டு எழுதினோம்.”

“அவசரம் என்ன?” என்றன முயல்கள்.

“சொல்லாதே!” என்று ஒரு குரல் எழுந்தது. “சொல்லாதே, சொல்லாதே!” என்று எல்லாக் கொடியும் ஆடின. அந்தக் காட்டில் எல்லா இனமும் ஒரே கோஷம் போட்டது அன்றைக்குத்தான். கமிட்டி அங்கேயே கூடியது. சிலைக்குக் கோணி போட்டபடியே தலையைச் செதுக்குவது, தூயமணியின் பிரதியை என்றென்றைக்கும் திறக்காமல் பாதுகாப்பது என்று இரண்டு தீர்மானம் நிறைவேறியது. கோணிமுகனுக்குக் கோணியோடு சிலை வைக்கலாம் என்று அதுவரை ஒருவருக்கும் தோன்றவில்லை. தூயமணியின் பிரதிக்கு ‘திறவாப் பிரதி, முதல் தரம்’ என்று சான்று கிடைத்தது. கொக்கு ஆனந்தக் கண்ணீர் விட்டது, சற்றுத் தள்ளி நின்று.

சுரங்கமுத்து நேரே பொதியப்பன் கடைக்குப் போனது. பொதியப்பன் ஒரு பழைய டெலிபோன் டைரக்டரியை மென்றுகொண்டிருந்தது.

“அண்ணே, ஒரு விஷயம்.”

“பார்த்துட்டே போலிருக்கே.”

“எப்படித் தெரியும்?”

“என் காதையே பார்த்துக்கிட்டு நிக்கிறியே.”

பெருச்சாளி கீழே பார்த்தது. பொதியப்பன் மெதுவாக, ம-வரிசைப் பெயர்களை முழுங்கிவிட்டுச் சொன்னது:

“பதிப்பகம் மூடினப்ப எல்லாத்தையும் எடைக்குப் போட்டாங்க. போட்டிக்கு வந்த கூப்பன் மட்டும் நாலு மூட்டை. ஒவ்வொண்ணாத் திருப்பிப் பார்த்தேன். எல்லாத்துலயும் என் முகந்தான். இந்தப் பக்கம் விடையைப் பார்த்தேன். சிறுத்தை, பன்னி, முயல், நரி, ஓணான்னு இருந்துது. ஒருத்தர்கூட கழுதைன்னு எழுதலை. அதான் யாருக்கும் முகமூடி வரலை. பதிப்பகத்து மேல தப்பில்லை.”

“கழுதைங்க எழுதியிருப்பாங்களே அண்ணே?”

“எழுதியிருந்தாங்க. குதிரைன்னு.”

மூலையில் காகிதம் நிரம்பிய கோணிகள் அடுக்கியிருந்தன. ஒவ்வொன்றிலும் கண்ணுக்கு நேராக இரண்டு ஓட்டை இருப்பதை சுரங்கமுத்து அன்றைக்குத்தான் கவனித்தது. போட்டியில் யாருக்கும் போகாத ஆயிரம் முகமூடி. வாரா வாரம் அவற்றின் மேல் ஏறி நின்றுதான் அது தேடியிருக்கிறது.

“அந்தக் கூப்பனையெல்லாம் என்ன பண்ணினே?”

“தின்னுட்டேன்.”

“உனக்குப் பெருமையா இல்லையா அண்ணே?”

“ருசியா இருந்துது. மை கொஞ்சம் கசப்பு.” பொதியப்பன் எழுந்து, தராசுக்குப் பின்னால் கையைவிட்டு ஒரு தகர டப்பாவை எடுத்தது. “ஒண்ணை மட்டும் தின்னலை. எல்லாம் கத்தரிக்கோல்ல வெட்டினது. இது பல்லால கடிச்சது.”

டப்பாவுக்குள் ஒரு கூப்பன். ஓரமெல்லாம் பல் தடம். கோணல்மாணலான குட்டிக் கையெழுத்து. பெயர்: சுரங்கமுத்து, மூன்றாம் பொந்து. கோணிமுகன் யார்? பெருச்சாளி.

“இத்தனை வருஷமா வெச்சிருந்தியா? வாரா வாரம் வந்தேனே அண்ணே. ஏன் குடுக்கலை?”

“குடுத்தா நீ திருப்பிப் பார்ப்பே. பார்த்தப்புறம் கோணிமுகன் கதை சொல்ல வருவியோ மாட்டியோன்னு பயமா இருந்துது.” கழுதை காதை ஆட்டிக்கொண்டது. “இப்பத்தான் பார்த்துட்டியே. எடுத்துக்கோ. உன் புத்தகத்துல ஓட்டை இருக்கக் கூடாது.”

சுரங்கமுத்து கூப்பனைப் பத்திரமாக வாயில் கவ்விக்கொண்டு வீட்டுக்கு வந்தது. முப்பத்தேழாம் இதழை எடுத்துக் கடைசித் தாளை விரித்தது. கூப்பனை ஓட்டையில் வைத்தது. பல்லுக்குப் பல் பொருந்தி உட்கார்ந்தது. நாற்பது வருஷத்துக்குப் பிறகு அறுபத்துநான்கும் முழுமை.

இனி ஒட்ட வேண்டியதுதான் பாக்கி. அங்கேதான் சிக்கல். கண்ணாடி நாடா ஒட்டினால் இரண்டு பக்கமும் தெரியும், ஆனால் தரச்சான்று விதிப்படி நாடா ஒட்டிய பிரதிக்குத் தரம் கிடையாது; மஞ்சளாகிவிடுமாம். கஞ்சிப்பசையும் வெள்ளைத்தாளும்தான் அனுமதி. வெள்ளைத்தாளை ஏதாவது ஒரு பக்கத்தில்தான் ஒட்ட முடியும். கூப்பன் பக்கம் ஒட்டினால் முகம் தெரியும். முகத்தின் பக்கம் ஒட்டினால் கூப்பன் தெரியும்.

சுரங்கமுத்து பசைக் கிண்ணத்தோடு வெகுநேரம் உட்கார்ந்திருந்தது. பொதியப்பனின் சிரிப்பை நினைத்துப் பார்த்தது. வாசலில் நின்ற கொடிகளை நினைத்துப் பார்த்தது. கழுதை முகத்தோடு ஒரு கோணிமுகன் வைத்திருக்கும் பெருச்சாளியைக் காடு என்ன செய்யும் என்று நினைத்துப் பார்த்தது. ‘விதிமுறையில எந்தப் பக்கம்னு சொல்லலையே’ என்று தனக்குத்தானே உரக்கச் சொல்லிக்கொண்டது. பிறகு பசையைத் தொட்டு, முகத்தின் மேல் தடவி, வெள்ளைத்தாளை அழுத்தி ஒட்டி, மேலே ஒரு கல்லையும் தூக்கி வைத்தது.

உடும்பு பூதக்கண்ணாடியில் வெகுநேரம் பார்த்தது. “பிரமாதம். கூப்பனோடு கூடிய பிரதி, காட்டில் இது இரண்டாவதுதான். ஒட்டு வேலை சுத்தம். முழுமைச் சான்று தரலாம்” என்று முத்திரை குத்தியது. கமிட்டி ஆணை நினைவிருக்கிறதல்லவா? தரச்சான்று பெற்ற முப்பத்தேழாம் இதழ்தான் ஆதாரம். அந்த ஆதாரத்தில், அச்சடித்த கேள்விக்கு நேராக, பழைய மையில், தெளிவாக எழுதியிருந்தது: கோணிமுகன் யார்? பெருச்சாளி.

முகத்தைச் சொல்லக்கூடாது என்றுதான் காடு கோஷம் போட்டது. எழுத்தைக் காட்டக்கூடாது என்று தீர்மானம் இல்லை. மறுநாளே அகில வனப் பெருச்சாளிப் பேரவை தொடங்கியாயிற்று. சிறுத்தைகள் வழக்குப் போட்டன. வழக்கு பன்னிரண்டாவது கவுண்டரில் இருக்கிறது. சிலை திறப்பன்று பீடத்தின் கீழே இரண்டு கண்ணாடிப் பெட்டி வைத்தார்கள். ஒன்றில் மூடிய முப்பத்தேழு, தூயமணி உபயம். இன்னொன்றில் கடைசித் தாள் திறந்த முப்பத்தேழு, சுரங்கமுத்து உபயம். சுரங்கமுத்துவின் கழுத்தில் ஆளுயர ரோஜா மாலை. கொக்கு வந்து எட்டிப் பார்த்து, “ஒட்டினது தெரியவே இல்லையே” என்று முதல்முறையாக அதைப் பாராட்டியது.

பொதியப்பனும் வந்தது, கடைசிக் கல்லைச் சுமந்துகொண்டு. கோணி போட்ட அந்தக் கல்தலையை இறக்கி வைத்துவிட்டு, முதுகை நெளித்துக்கொண்டே கண்ணாடிப் பெட்டியருகே போனது. கூப்பனைப் பார்த்தது. பிறகு தலையைச் சாய்த்து, அடிப்பக்கத்து வெள்ளைத்தாளையும் பார்த்தது. கூட்டத்தில் ஒருவரும் அதைக் கவனிக்கவில்லை. சுரங்கமுத்து மட்டும் கவனித்தது. அதற்கு மாலை கனத்தது.

“அண்ணே...”

“நல்லாத்தான் ஒட்டியிருக்கே” என்றது பொதியப்பன். குரலில் கோபமே இல்லை, இருந்திருந்தால் தேவலை. “திரும்பவும் கோணி போட்ட மாதிரியே இருக்கு.”

சொல்லிவிட்டு, சுவரில் பேரவை ஒட்டியிருந்த போஸ்டர் ஒன்றை உரித்து மென்றுகொண்டே கடையைப் பார்க்கப் போய்விட்டது. சுரங்கமுத்துவுக்குப் பூமியைத் தோண்டிக்கொண்டு உள்ளே போய்விடலாம் போலிருந்தது. பெருச்சாளிக்கு அது பெரிய வேலையும் இல்லை. ஆனால் மாலை புதுசு, மண் ஒட்டிவிடும். அதனால் அப்படியே நின்று கைகூப்பிக்கொண்டிருந்தது.

நீதி: உண்மையை முழுசாகவும் வைத்திருக்கலாம், கசங்காமலும் வைத்திருக்கலாம், எந்தப் பக்கத்தில் பசை தடவுவது என்று தெரிந்திருந்தால் போதும்.